கடல் மீனுக்குக் கிணற்றுத் தண்ணீரா?

ஜவுளிக்கடை ஸ்தனிஸ்லாஸ் மெட்ராஸிலிருந்து கடல்நீரோடு கொண்டுவந்த மீன்களில் ஒன்றுதான் மிச்சம். அதுவும் காலையிலிருந்து கண்ணாடித் தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது.

"பாசி புடிக்காத தொட்டி தர்மபுரியிலேயே நம்ம வூட்டுலதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஊரில் தொட்டியே அது ஒன்றுதான். ஆனால் வெயில் படாமல் திரை கட்டி, பிளேடால் சுரண்டிச் சுரண்டிப் பாசியை ஒழித்தது நிஜம். தொட்டியில் நீர் வற்றும்போதெல்லாம் கிணற்று நீரில் உப்பு கரைத்து ஊற்றுவார். "வெறுந்தண்ணி போதாதுங்களா?" என்று கேட்ட மனைவி பாக்கியமேரியை, "கடல் மீனுக்குக் கெணத்துத் தண்ணியா!" என்று கடை ஆட்கள் முன்னால் கேலி செய்து சிரித்திருந்தார்.

மதியம் குழம்பு கரித்தது.

"என்ன புள்ள, உப்பை அள்ளிக் கொட்டிட்டியா?"

"அளவாத்தானுங்க போட்டேன். அடுப்புல வத்திப்போச்சு."

"வத்துனா தண்ணிதான் போவும், உப்பு அங்கயேதான கெடக்கும்? வெறுந்தண்ணி ஊத்தறதுக்கென்ன?"

பாக்கியமேரி திரும்பி, தொட்டியைத்தான் பார்த்தாள்.

அவரும் பார்த்தார்; தலை நிமிராமல் எழுந்து, கை கழுவி, சொம்பில் கிணற்று நீர் கொண்டுவந்தார்.

"ஒரேயடியா ஊத்தாதீங்க" என்றாள். "குழம்பு தாங்கும். அது உசுருங்க."

அவளுக்கு முகத்தைக் காட்டாமல், கரண்டி கரண்டியாக ஊற்றத் தொடங்கினார்.