ஒரே ஐஸ் ஃபேக்டரி

மீன் சந்தையில் அவளுக்குப் பெயர் கறார்க்கா. பேரம் பேச உட்கார்ந்தால் எதிராளி கும்பிடு போடும்வரை விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் இன்று ஐஸ் ஃபேக்டரி வாசலில் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றாள். ஊரில் இருப்பதே இந்த ஒரு ஃபேக்டரிதான். விலையை மூன்று மடங்கு ஏற்றியது போதாதென்று, கதவில் புதிதாக ஓர் அறிவிப்பு வேறு: இனி ஃபேக்டரி முதலாளியிடமே மீனும் எடுப்பதாகக் கையெழுத்துப் போடுபவர்களுக்கு மட்டும்தான் ஐஸ். போட்டால், படகுக்காரர்களிடம் பார்த்துப் பார்த்து மீன் எடுத்த இருபது வருட வியாபாரம் போச்சு. போடாவிட்டால், கூடையில் இருக்கும் மீன் மதியத்துக்குள் நாறிவிடும்.

ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்தில் நின்றவரைப் பார்த்ததும் வரிசையை விட்டு ஓடினாள். முன்பு சந்தைக்குப் பின்னால் சின்ன ஐஸ் ஃபேக்டரி நடத்தியவர் அவர். இப்போது இங்கே கூலிக்கு நிற்கிறார்.

"அண்ணே, மறுபடி ஃபேக்டரி போடுங்க. சந்தையே உங்ககிட்டதான் வாங்கும், நான் பொறுப்பு."

"இவங்ககிட்ட மெஷினை வித்தப்பவே பத்து வருஷத்துக்கு ஐஸ் போடமாட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்கம்மா."

அவள் கதவிலிருந்த அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் பொண்ணு பரீட்சைக்குப் படிக்கிறா," என்றார் அவர். "இதுக்குப் பேரு ஏகபோகமாம். இங்கிலீஷ்ல மோனோபலி. கிரேக்கத்துலேர்ந்து வந்த வார்த்தையாம். ஒருத்தன் மட்டும் விக்கிறதுன்னு அர்த்தம்."

"அந்த ஒருத்தன் நாசமாப் போக!"

"அவன் எப்படி ஒருத்தனா ஆனான்னு அந்த வார்த்தை சொல்லலையேம்மா."

அவர் குத்திக் காட்டவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. இங்கே பாதி விலைக்கு ஐஸ் கொடுத்த முதல் வருடம், சந்தைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தது அவள்தான். "நீயாவது இரும்மா" என்று கேட்டவரிடம், "உங்க ஐஸுல என்ன தங்கமா இருக்கு?" என்றாள். சந்தையே சிரித்தது. அவரும் சிரித்தார். இத்தனைக்கும் கேட்கும்போதெல்லாம் அளவுக்கு மேல் ஒரு கை ஐஸ் போட்டுக் கொடுத்த மனிதர்.

மறுபடி வரிசையில் போய் நின்றாள். அவள் முறை வந்தது. "ரெண்டு நாள் டைம் குடுங்க தம்பி," என்றாள் குமாஸ்தாவிடம்.

அவன் நிமிரக்கூட இல்லை. "வேற எங்கயாவது கிடைச்சா வாங்கிக்கங்கக்கா."

கையெழுத்துப் போட்டாள்.

அவர் கூடையை வாங்கி ஐஸை அளந்து கொட்டினார். பிறகு, அவள் கேட்காமலே மேலே ஒரு கை அள்ளிப் போட்டார்.