என் சாவுக்கு வந்த காப்பித்தூள்

வீட்டிலேயே எஸ்பிரெஸோ மெஷின் வாங்கி வைத்துக்கொண்டு, ஆறே வாரத்தில் ஊரறியச் செத்துப்போன ஒரே ஆள் காஸ்தெல்லம்மாரே ஊரில் நான்தான். பெயர் அனியெல்லோ காஸ்கோனே, வயது அறுபத்து மூன்று. சிரிக்க நினைப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டுதான் இவ்வளவும் ஆனது.

முப்பத்தைந்து வருஷம் கப்பல் பட்டறையில் குழாய்களின் அழுத்தம் பார்க்கிற வேலை. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுதுவேன். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வித்தையும் கிடையாது. ஓய்வு பெற்ற மறு வாரம் கடைவீதியில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் அந்த மெஷினைப் பார்த்தேன். உடம்பெல்லாம் பளபளப்பு, நெற்றியில் ஓர் அழுத்தமானி. முள்ளைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு கொடுத்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். என் மனைவி நுன்ஸியாவே இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

"ஏங்க, இது காப்பி போடுமா, இல்ல கப்பல் ஓட்டுமா?" என்றாள், நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் இறக்கியபோது. அவள் காப்பி போடுகிற பழைய அலுமினிய மோக்கா பாத்திரம் அடுப்போரமாக ஒதுங்கிக்கொண்டது. கல்யாணத்துக்கு வந்த பாத்திரம். சோப்பு பட்டால் காப்பியின் ருசி போய்விடுமாம்; பட்டால் வீட்டில் ரத்தம் சிந்தும், அப்படி வைத்திருக்கிறாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு. ஒன்பது அழுத்தம், நல்ல காப்பிக்கு அதான் கணக்கு," என்றேன்.

"ஆமா, எனக்கும் அழுத்தம்தான் ஏறுது," என்று போய்விட்டாள்.

இதோடு நின்றிருந்தால் ஒரு கேடும் இல்லை. என் வாய்க்கொழுப்பு நிற்க விடவில்லை.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே காத்தெல்லோவின் காப்பிக்கடை. நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கேள்விக்கு ஒரே தப்பான பதில் எழுதினவர்கள். அவன் கடை போட்டு இருபத்தாறு வருஷம். இருபத்தாறு வருஷமும் காலை ஏழு நாற்பதுக்கு நான் வாசலில் கால் வைத்ததும், என் கோப்பை பளிங்கு மேடையின் இடது ஓரத்தில் வந்து உட்காரும். என்ன வேண்டும் என்று அவன் கேட்டதில்லை. எப்படியிருக்கிறது என்றும் கேட்டதில்லை.

மெஷின் வந்த மூன்றாம் நாள், பெருமையடிக்கத்தான் போனேன். கூட்டமான நேரம். ஒரு வாய் குடித்தேன், முகத்தைச் சுளித்தேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"காத்தெல்லோ, இது காப்பியில்லடா, கரி. உன் மெஷினுக்கு அழுத்தம் சரியில்ல. வேணும்னா சொல்லு, நான் வந்து முள்ளைப் பாத்துத் தர்றேன்."

கடையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. காத்தெல்லோ என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிக் கழுவி, கவிழ்த்து வைத்தான்.

"அப்ப இனிமே வீட்லயே குடிடா."

"குடிப்பேன்டா!"

அறுபத்து மூன்று வயசு, இரண்டு பேருக்கும்.

குடித்தேன். ஆறு வாரம் குடித்தேன். முதல் காப்பி எலுமிச்சம்பழம் மாதிரி புளித்தது. தூளை இன்னும் நைசாக அரைத்தேன், வேப்பெண்ணெயாகக் கசந்தது. இன்னும் அழுத்தி அடைத்தேன், சொட்டுக்கூட இறங்கவில்லை. தூள் அடைத்த கைப்பிடியைக் கழற்றினால் சுவர், கூரை, நான் எல்லோரும் காப்பி குடித்தோம். துணி துவைக்கிற மெஷின் ஓடும்போது இதைப் போட்டால் வீட்டுக்கே மின்சாரம் போய்விடும். மூன்று மாடி இறங்கி, மீட்டர் அறையில் சுவிட்சைத் தூக்கிவிட்டு, மூன்று மாடி ஏற வேண்டும். முள் மட்டும் ஒன்பதில் கம்பீரமாக நிற்கும். நானும் அதைத் தாளில் எழுதி வைப்பேன்.

சரியாக வரும்வரை ருசி பார்க்க வேண்டுமே. நாளைக்கு எட்டுக் காப்பி. ராத்திரி தூக்கம் போச்சு, கண் குழி விழுந்தது, கை நடுங்கத் தொடங்கியது. போதாததற்கு எங்கள் ஊர்த் தண்ணீரின் சுண்ணாம்பு மெஷினுக்குள் படிந்து அடைத்துக்கொண்டது. எலுமிச்சை உப்பு போட்டுக் கழுவினால் சரியாகும் என்றார்கள். மருந்துக்கடை எர்சிலியாவிடம் போய் அதைக் கேட்டேன்.

"வயித்துக்காண்ணே?" என்றாள், நடுங்குகிற கையைப் பார்த்துக்கொண்டே.

அவள் தினமும் காத்தெல்லோ கடையில் காப்பி குடிக்கிறவள். என் மெஷின் அடைத்துக்கொண்டது என்று அவளிடம் சொன்னால் பத்து நிமிஷத்தில் அங்கே சிரிப்பு வெடிக்கும். அதனால், "ஆமாம்மா, உள்ள கொஞ்சம் அடைப்பு," என்றேன்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசமா."

"ஐயோ! டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எதுக்கு? நானே கழட்டிப் பாத்துக்கறேன்," என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டதை அப்போது நான் கவனிக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தினமும் ஏழு நாற்பதுக்கு நான் பால்கனியில், காயப்போட்ட படுக்கை விரிப்புக்குப் பின்னால் நிற்பேன். எதிர்க்கடையைப் பார்ப்பேன். காத்தெல்லோ துணியால் மேடையைத் துடைப்பது தெரியும். காப்பிக்காக இல்லை, அந்தக் கழுதைக்காக மனசு அடித்துக்கொள்ளும்.

"இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொன்னா தலையில இருக்கற கிரீடம் இறங்கிடுமா?" என்பாள் நுன்ஸியா.

"அவன் வந்து கூப்பிடட்டும்."

"கூப்பிடுவாரு, கூப்பிடுவாரு. உங்க சாவுக்கு வருவாரு."

அவள் வாயில் எதைப் போட்டுக் கழுவுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழு நாற்பது. விரிப்பை விலக்கிப் பார்க்கிறேன், காத்தெல்லோவின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. அதில் கறுப்புக் கரை போட்ட ஒரு தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் படித்தேன். "துக்கத்தால் கடை மூடியிருக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை கடை மூடுகிறவனா அவன்? அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அம்மா போய்ப் பத்து வருஷம். அந்த வீட்டில் சாவதற்கு மிச்சமிருந்த ஒரே ஆள் அவன்தான்.

என்னோடு பேசாமலேயே போய்விட்டானா? நான் கடைசியாக அவனிடம் சொன்ன வார்த்தை 'கரி'யா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு ஷூ கிடைத்தது. மற்றது கட்டிலுக்கடியில் உள்ளே தள்ளிப் போயிருந்தது. தரையில் படுத்துத் தலையை உள்ளே விட்டு, கையை நீட்டித் துழாவிக்கொண்டே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஓவென்று அழுதேன். தூசு வேறு வாய்க்குள் போனது.

அப்போது வாசல் மணி அடித்தது.

நுன்ஸியா அன்றைய ஜெனோவேஸே குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோ. கண்ணிலும் மூக்கிலும் தாரை தாரையாக ஊற்ற, அப்படியே போய்க் கதவைத் திறந்தாள்.

"தங்கச்சி..." என்றது ஒரு குரல்.

காத்தெல்லோவின் குரல்! உயிரோடு இருக்கிறான்! கட்டிலுக்கடியில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அழாதேம்மா," என்றான்.

"நிக்க மாட்டேங்குதுண்ணே," என்றாள் நுன்ஸியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அவன்..."

"உள்ள ரூம்லதான் கிடக்கறாரு. போய்ப் பாருங்க. நீங்க ஒரு தடவ வர மாட்டீங்களான்னு ஏங்கி ஏங்கியே ஆளு பாதியாப் போயிட்டாரு."

அவ்வளவுதான். அவன் தேம்பத் தொடங்கிவிட்டான்.

"தினமும் ஏழு நாப்பதுக்கு அவன் காப்பியைப் போட்டு அவன் இடத்துல வெச்சேம்மா. ஆறிப்போகும். கொட்டுவேன். அடுத்த நாள் திரும்ப வெப்பேன். மாடியை அண்ணாந்து பாப்பேன், துணிதான் தொங்கும். தெருவைத் தாண்டி வந்து கூப்பிட்டிருக்கலாம், பத்தடி. வீம்பு பிடிச்ச நாயி நான். வீட்லயே குடின்னு சொன்ன வாய் இது, தங்கச்சி, இது வெந்து போகட்டும்."

எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. எழுந்து போயிருக்க வேண்டியதுதானே? போகவில்லை. இன்னும் இரண்டு நல்ல வார்த்தை கேட்டுவிட்டு எழுந்திருக்கலாமே என்று படுத்திருந்தேன். என் யோக்கியதை அப்படி.

"எம்மேலதான் தப்பு," என்று இன்னொரு குரல் அழுதது. எர்சிலியா. "உள்ள அடைப்புன்னு அவரே சொன்னாரு. கழட்டிப் பாத்துக்கறேன்னாரு. அப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணும்."

"அடைப்பா? யாருக்கு? என்னத்தைக் கழட்டினாரு?" என்றாள் நுன்ஸியா.

அதற்குள் காத்தெல்லோ அறைக்குள் வந்துவிட்டான். கட்டில் காலி. கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு கால்கள், ஒன்றில் மட்டும் ஷூ. ஷூ போட்ட கால் அசைந்தது.

அவன் போட்ட கூச்சலில் கீழ் வீட்டு நாய் குரைத்தது. கையிலிருந்த சர்க்கரைப் பை விழுந்து வெடித்தது. நான் வெளியே வந்தபோது ஒரு கையால் கட்டிலின் இரும்புக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் சுட்டு விரலையும் சுண்டு விரலையும் கொம்பு மாதிரி என்னை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றான். இரும்பைத் தொடுவதும் கொம்பு காட்டுவதும் சாவை விரட்ட எங்கள் ஊர் வழக்கம்.

"டேய்! நீ சாகலையா?"

"நீ சாகலையா?"

"நான் ஏன்டா சாகணும்? கோயில் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவத்துல உன் பேரு ஒட்டியிருக்குடா! கறுப்புக் கரை போட்டு! அனியெல்லோ காஸ்கோனே!"

பிறகுதான் தெரிந்தது. துறைமுகப் பக்கத்தில் அதே பெயரில் இன்னொருவர் இருந்திருக்கிறார், எண்பத்தொன்பது வயது. அவருடைய சாவு அறிவிப்பின் கீழ்ப்பாதியில், வயதும் வீட்டாரின் பெயர்களும் இருக்க வேண்டிய இடத்தில், எவனோ மெத்தை விளம்பரத்தை ஒட்டிவிட்டான். பெயர் மட்டும் மேலே நின்றது. ஆறு வாரமாக ஆளைக் காணோம், அடைப்பு, கை நடுக்கம் எல்லாம் சேர்ந்து என்னைப் புதைத்துவிட்டது.

காத்தெல்லோ கக்கத்தில் இடுக்கியிருந்த காப்பித்தூள் பாக்கெட்டால் என் முதுகில் இரண்டு போட்டான். பிறகு கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் சர்க்கரை மேல் நின்றுகொண்டு அழுதோம். வாசலில் நுன்ஸியாவும் அழுதாள். அது வெங்காயம் என்றுதான் இன்றுவரை சொல்கிறாள்.

அடுத்த அரை மணியில் ஒன்பது பேர் படியேறி வந்தார்கள். சாவு வீட்டுக்கு எங்கள் பக்கம் யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பை சர்க்கரை, ஒரு பாக்கெட் காப்பித்தூள். வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்து இரும்பைத் தொட்டுவிட்டு, "ஆயுசு கூடிடுச்சு போங்க," என்று சொல்லிப் பையை வைத்துவிட்டுப் போனார்கள்.

"சரி, உன் மெஷின்ல ஒரு காப்பி போடுடா, பாப்போம்," என்றான் காத்தெல்லோ.

ஆறு வாரமாக நான் காத்திருந்த வார்த்தை. கொட்டையை எடைபோட்டேன். அரைத்தேன். அழுத்தினேன். முள் ஏறியது, ஏழு, எட்டு, ஒன்பது. அந்தப் பக்கம் துணி துவைக்கிற மெஷின் சுற்றிக்கொண்டிருந்ததை யார் நினைத்தார்கள்? டப்பென்று மின்சாரம் போனது. கோப்பையில் அரை வாய் கறுப்புத் தண்ணீர்தான் இருந்தது, நுரைகூட இல்லை. நுன்ஸியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காத்தெல்லோ கோப்பையை எடுத்துச் சொட்டு விடாமல் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லாருக்குடா," என்றான்.

காப்பி விஷயத்தில் அவன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. மேயரிடமே உனக்கு ருசி தெரியாது என்று சொன்னவன். அன்றைக்கு எனக்காகச் சொன்னான். என் காப்பி எவ்வளவு கேவலம் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அவ்வளவு சர்க்கரையையும் தூளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? உரியவர் வீட்டுக்கே கொண்டுபோவோம் என்று இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு துறைமுகப் பக்கம் போனோம். செத்தவரின் மகள் கதவைத் திறந்தாள்.

"நீங்க யாரு?"

பழக்கதோஷம். "அனியெல்லோ காஸ்கோனே," என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. காத்தெல்லோ என் காலை மிதித்தான். "சும்மா பேருதாம்மா அது, வேற ஒண்ணுமில்ல," என்று என்னவோ உளறி விஷயத்தைச் சொன்னான். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "அப்பா இருந்தா இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரிச்சிருப்பாரு," என்றாள். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

நேரே கடைக்குத் திரும்பினோம். காத்தெல்லோ ஷட்டரைத் தூக்கினான். கறுப்புக் கரைத் தாளைக் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மெஷின் சூடாக அரை மணி ஆகும். ஆள் இல்லாத கடையில் அவன் மேடையைத் துடைத்தான், நான் இடது ஓரத்தில் நின்றேன். மெஷினின் முள் பக்கம் தலைகூடத் திருப்பவில்லை.

கோப்பை வந்து உட்கார்ந்தது. ஒரு வாய் குடித்தேன்.

"எப்படியிருக்கு?" என்றான். முதல் தடவையாகக் கேட்கிறான். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

மிச்சத்தையும் குடித்துவிட்டு, கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"கரிதான்டா," என்றேன். "இன்னொண்ணு போடு."