அக்கா உட்காரும் பெட்டி

சாலிடரிங் இரும்பின் நுனி ஈயத்தைத் தொட்டது. மெல்லிய புகை. ஒரு சின்னக் கம்பித்துண்டு இரண்டு முனைகளுக்கும் நடுவே பாலமாக ஒட்டிக்கொண்டது.

"தொல்லை ஒழிஞ்சுது" என்றார் தச்சர், தனக்குத்தானே.

பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். போர்டு ஒரு காவல்காரன் மாதிரி. மின்சாரம் அளவு மீறிப் போனால் பட்டென்று கதவைச் சாத்திவிடும். தச்சர் அந்தக் காவல்காரனை எழுப்பாமலே பக்கத்தில் ஒரு கள்ள வழி போட்டுவிட்டார்.

அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. மனைவி பஸ் கண்டக்டர். படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது நடைப்பயிற்சிக்குப் போயாக வேண்டும். பயிற்சி நிலையமோ மேட்டு உச்சியில். சந்தில் கார் நுழையாது. ஆட்டோவில் குனிந்து ஏற அவளால் முடியாது. அதனால் தச்சரே ஒரு மூன்று சக்கர மின்சைக்கிளை உருவாக்கினார். பின்னால் உயரமான மர இருக்கை, அதற்கடியில் பேட்டரிப் பெட்டி. பேட்டரி மச்சான் கைவேலை. மேட்டு அடிவாரத்தில் பேட்டரிக் கடை வைத்திருப்பவன், அக்காவுக்காகக் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்தான்.

ஆனால் அந்த போர்டு கதவைச் சாத்தியதால் வண்டி இரண்டு முறையும் மேட்டின் பாதியில் செத்து நின்றது. இரண்டு வகுப்பு போச்சு. மூன்றாவதும் தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இடம் போனால் மறுபடி எப்போது கிடைக்குமோ. கால் ஊன்றி நிற்க முடியாத கண்டக்டரை எந்த பஸ் ஏற்றிக்கொள்ளும்?

தச்சர் மச்சானுக்குப் போன் போட்டுத் திட்டியிருந்தார். "இது பேட்டரியாடா? டார்ச் லைட்டுக்குப் போட வேண்டியதை என் தலையில கட்டிட்டியா?"

"மாமா, கோபப்படாதீங்க. என்ன கன்ட்ரோலர் போட்டிருக்கீங்க?"

தச்சர் போனை வைத்துவிட்டார். மச்சான் சொன்ன சின்ன மோட்டாரையும், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரையும் ஒதுக்கிவிட்டு, வேறொரு கடையில் இருந்ததிலேயே பெரிய ஜோடியாகப் பார்த்து வாங்கி மாட்டியிருந்தார். பெரிசாக இருந்தால்தானே மேடு ஏறும்? அதைச் சொன்னால் அவன் சிரிப்பான்.

"ரைட், போலாம்" என்றாள் மனைவி, மூன்றாவது வகுப்பு நாளன்று பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

வண்டி பறந்தது. இதுவரை நின்ற இடத்தைத் தாண்டியது. தச்சருக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

"என்னங்க, கீழே சூடா இருக்கு."

"வெயில்."

"வெயில் மேலேர்ந்துதான அடிக்கும்?"

தச்சர் பதில் சொல்வதற்குள் கைப்பிடியிலிருந்த டிஸ்ப்ளே இருண்டது. மோட்டாரின் முனகல் அறுந்தது. வண்டி மெல்லப் பின்னோக்கி நகர, தச்சர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார். சக்கரத்துக்கடியில் ஒரு கல்லை உதைத்துத் தள்ளினார். பெட்டிமேல் கை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுப்பில் கை வைத்த மாதிரி இருந்தது.

அதன் மேல் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி.

எப்படித் தூக்கி இறக்கினார் என்று அவருக்கே தெரியாது. சுவரோரம் சாய்த்து நிறுத்தியதும் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தார். அவளோ ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள்.

"தம்பி, உன் மாமா ஏதோ பண்ணியிருக்காரு. திருட்டு முழி முழிக்கிறாரு. சீக்கிரம் வா."

மச்சான் ஸ்கூட்டரில் வந்தான். பெட்டியைத் திறந்தான். கம்பிப் பாலத்தைப் பார்த்தான். வெட்டுக் குறடால் 'டிக்' என்று அதைத் துண்டித்து, தச்சர் சட்டைப்பையில் போட்டான்.

"உங்க பொருள் மாமா. பத்திரம்."

பிறகு டேப்பை உரித்து, பேட்டரிச் செல்களுக்கு நடுவே ஆழத்தில் இருந்து எதையோ பிடுங்கினான். உள்ளே உருகிப் போன ஒரு ஃப்யூஸ்.

"இது எங்கேர்ந்து வந்துது?" என்றார் தச்சர்.

"நான்தான் ஒளிச்சு வச்சேன். இருபது ஆம்பியருக்கு மேல போனா போர்டு நிறுத்தும். நிறுத்தினா நீங்க சும்மா இருப்பீங்களா? சுத்தியல் உடைஞ்சா கல்லை எடுத்து அடிக்கிற ஆளு. போர்டைத் தாண்டி வழி போடுவீங்கன்னு தெரியும். அதான் கண்ணுல படாத இடத்துல முப்பதுக்கு ஒரு ஃப்யூஸ். மேல உட்கார்றது எங்க அக்கா, மாமா."

தச்சர் அந்த ஃப்யூஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். அந்தத் துளி உலோகம் உருகியிருக்காவிட்டால்? செல்கள் கொதித்து, மரப்பெட்டி பற்றி... அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தைரியமில்லை.

"கன்ட்ரோலர் எவ்வளவு இழுக்கும்?" என்றான் மச்சான், மீட்டரால் செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபடி.

"நாற்பது" என்றார் தச்சர், கன்னத்தைத் தடவிக்கொண்டு.

"மோட்டார் எவ்வளவு போட்டாலும் தின்னும். கன்ட்ரோலர் பரிமாறுற ஆளு. ஆனா பானை பேட்டரிதான். பானையில இருக்கிறதுக்குத் தகுந்த மாதிரிதான் பரிமாறணும். பரிமாறுறவன் கரண்டியைப் பெரிசாக்கினா சோறு கூடுமா?"

"தம்பி, பாடம் அப்புறம். வகுப்பு போயிடும்" என்றாள் அக்கா.

மச்சான் புது ஃப்யூஸைச் செருகினான். டிஸ்ப்ளேவின் பொத்தானை அழுத்திப் பிடித்து எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து பதினெட்டு ஆம்பியரில் நிறுத்தினான். "இனி பறக்காது. ஆனா நிக்காது. நீங்களும் கொஞ்சம் மிதிங்க, மோட்டார் கொதிக்காம இருக்கும்."

பெட்டி ஆறியதும் அவளை ஏற்றினார்கள். வண்டி நகர்ந்தது, ஆள் நடக்கிற வேகத்தில். தச்சர் மிதித்தார். மச்சான் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தபடியே கூட நடந்து வந்தான். "சூடில்ல, போங்க... சூடில்ல, போங்க..." என்று அவன் சொல்லச் சொல்ல, தச்சருக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டு முறை நின்ற இடம், இன்று நின்ற இடம், எல்லாம் பின்னால் போயின.

பயிற்சி நிலைய வாசலில் பயிற்சியாளர் அடுத்த ஆளுக்குப் போன் செய்யக் கையில் போனோடு நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டார். "உள்ளே வாங்க. லேட்டுதான். ஆனா வந்துட்டீங்க."

ஜன்னல் வழியே பார்த்தார்கள். இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். ஊன்றிய கால் நடுங்கியது. மற்றது முன்னே வந்தது.

தச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"மச்சான், நீ என்னை நம்பாம இருந்தியே... அதுக்கு ரொம்ப நன்றிடா."

"அதுக்கென்ன மாமா" என்றான் மச்சான், அக்காவையே பார்த்தபடி. "இனிமேலும் நம்ப மாட்டேன்."