எல்.எம்.பி. மூக்கம்மாள்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் சிவனணைந்தபெருமாளுக்குத் தலைகால் புரியாது. அங்கே அவருக்கு இருந்த இரண்டு வீட்டுக்கும் வக்கீலும் முன்சீபும் குடும்பத்தோடு வாடகைக்கு வந்து தங்குவார்கள். ஆள் எப்படி, குணம் எப்படி என்றெல்லாம் அவர் விசாரிப்பதில்லை, "பேருக்குப் பின்னால என்ன போடுதாவ?" என்றுதான் கேட்பார். அந்தக் காலத்தில் தோற்றவன்கூட 'பி.ஏ. பெயில்' என்று போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அப்படிப்பட்டவருடைய மகள் மூக்கம்மாள், பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறி, மதராஸில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் இடமும் வாங்கிவிட்டாள். படிப்புக்குப் பெயர் எல்.எம்.பி. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. தென்காசி ரதவீதி முழுக்க, "பி.ஏ.க்கு ரெண்டெழுத்து, எம் மவ படிப்புக்கு மூணெழுத்துவே!" என்று சொல்லித் தீர்த்தார்.

அந்த வருஷம் வந்து தங்கியிருந்த கிதிர் முகம்மது வக்கீலையும் விடவில்லை. உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குக் கிளம்பிய வக்கீல் சிரித்துவிட்டார்.

"எழுத்தை எண்ணியா படிப்ப அளப்பாவ, அண்ணாச்சி? பி.ஏ. டிகிரி, யுனிவர்சிட்டி குடுக்குது. எல்.எம்.பி. டிப்ளமாதான். டாக்டர் படிப்புல டிகிரின்னா எம்.பி.பி.எஸ். அதுக்கு முதல்ல காலேஜுல ரெண்டு வருஷம் இண்டர் படிக்கணும். பொறவும் அஞ்சு வருஷம்."

"அப்ப எம் மவளுது கீழயா?"

"ஒரு படி கீழதான்."

போதாதா? நேரே தென்காசிக்கு வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "ஏட்டி, பெட்டியப் பிரி. நாளைக்கு மதராஸும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. இண்டர் சேந்து பி.ஏ. படி" என்றார்.

மூக்கம்மாள் அழவில்லை. மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தாள்.

"பி.ஏ. படிச்சுட்டு என்னப்பா செய்ய?"

"பி.ஏ.ன்னா பி.ஏ.தாம்ட்டீ!"

"வக்கீலாவணும்னா அதுக்கு மேல பி.எல். வேணும். ஹைஸ்கூல்ல பாடம் எடுக்கணும்னா எல்.டி. வேணும். வெறும் பி.ஏ.வ வச்சுக்கிட்டு ஒரு ஊசி போட விடுவாவளா? எல்.எம்.பி. முடிச்சா சர்க்கார் ஆஸ்பத்திரியிலயே வேலை உண்டு."

"என்ன வேலை?"

"சப் அசிஸ்டெண்ட் சர்ஜன்."

"எம்.பி.பி.எஸ்.காரனுக்கு?"

"அசிஸ்டெண்ட் சர்ஜன்."

"பாத்தியா, அங்கனயும் நீ கீழதான்!"

அடுப்படியிலிருந்து அவர் மனைவி தங்கத்தாய் கரண்டியும் கையுமாக வந்தாள்.

"மேல கீழன்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இவளுக்கு எளையவன் பொறக்கையில வந்தாரே ஒரு டாக்டர், அவரு எம்.பி.பி.எஸ்.தான? அவர வாசல்லயே நிறுத்துனது ஆரு?"

அன்று டாக்டர் வாசலில் நின்றபடி கேட்கக் கேட்க, மருத்துவச்சி உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை தங்கவில்லை.

"பேறுகால அறைக்குள்ள ஆம்பளைய எப்படி..." என்று இழுத்தார் சிவனணைந்தபெருமாள்.

"ஊரு வழக்கம், உங்கள மட்டும் குத்தஞ் சொல்லல. ஆனா அவ்வளவு பெரிய டிகிரி நம்ம வாசல்படியத் தாண்டல. எம் பிள்ள தாண்டிப் போவா. மேல படிக்கணும்னா பொறவு படிச்சுக்கிடட்டும். இப்ப கெடைச்சத விடாதிய."

அவர் முற்றத்துக்குப் போனார். திரும்பி வந்தவர், மகள் கீழே வைத்த சேலையைத் தாமே எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

மறுநாள் தென்காசி ஸ்டேஷனில் ஊரே வேடிக்கை பார்த்தது. ஒரு செம்பைக்கூடத் தூக்கி அறியாத மனிதர், கூலியாளை விலக்கிவிட்டு, மகளின் தகரப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்.

"என்ன அண்ணாச்சி, மவ டிகிரி படிக்கப் போறாளோ?" என்றார் ரயிலேற நின்ற சொரிமுத்து.

"இல்லவே, டிப்ளமா!" பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் கேட்டது அவர் குரல். "டாக்டருக்கு! படிச்சுட்டு வரட்டும், உம்ம வீட்டுப் பேறுகால அறைக் கதவ மொதல்ல திறந்து வையும்."