எதிர் நாற்காலி

திண்டிவனம் ஸ்டேஷனில் அன்புச்செல்வி மூச்சிரைக்க ஏறியபோது, சங்கவியும் கலைப்பிரியாவும் ஜன்னல் ஓரம் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் விழுப்புரத்தில் ஏறியவர்கள். "உனக்கு எடம் புடிச்சு வச்சிருவோம்டி" என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார்கள். பிடித்துவைத்த அந்த இடத்தில் ஓர் ஆள் காலை அகட்டி உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தான்.

"எங்க மாமா பையன், வல்லரசு," என்றாள் சங்கவி. அன்புவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இவுரு கூட வந்தாதான் அனுப்புவேன்னுட்டாரு எங்கப்பா. நேத்து ராத்திரிதான் சொன்னாரு."

மூன்று பேரும் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு. மூன்று வருடமாக ஒரே பெஞ்சு. எழும்பூர் மியூசியத்தில் ஒரு திமிங்கலத்தின் முழு எலும்புக்கூடு இருக்கிறது, அதைப் பார்க்காமல் டிகிரி வாங்காதீர்கள் என்று இரண்டாம் ஆண்டில் மேடம் ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். திமிங்கலம், மதியச் சாப்பாடு, பிறகு மெரினா. சங்கவியின் அப்பா இரண்டு முறை தடுத்துவிட்டார். கோலியனூரில் பத்து ஏக்கர் வைத்திருப்பவர். பெண்ணைப் படிக்க அனுப்புவதே பெரிய விஷயம் என்று நினைப்பவர்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள் அன்பு.

அவன் நகரவில்லை. மல்லாட்டைப் பொட்டலத்தை நீட்டினான். "எடுத்துக்க. எந்த ஊரு நீ?"

"பிரம்மதேசம் பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

அவள் ஊர்ப்பெயரைச் சொன்னாள்.

"அட, அங்க பெரிய தெருவுல எங்க பெரியம்மா வூடு இருக்குது. நீ எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அன்புவுக்குத் தெரியும். பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், ஹாஸ்டல் வாசலில் பலர் இதே வழியாக வந்திருக்கிறார்கள். "சர்ச் தெரு," என்றாள்.

"ம்," என்றான் வல்லரசு. நீட்டிய பொட்டலத்தை மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டான். அதன்பிறகு அவளிடம் பேசவில்லை. கலைப்பிரியா ஒடுங்கி உட்கார்ந்து பாதி இடம் கொடுத்தாள். செங்கல்பட்டு வரைக்கும் அன்பு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டே வந்தாள். சங்கவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மியூசியத்தில் திமிங்கலத்தின் முன்னால் நின்றபோது மூவருக்கும் கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோனது. ஒரு லாரியைவிட நீளம். விலா எலும்புகள் வளைந்து வளைந்து போயின. துடுப்புக்குள் ஐந்து விரல் எலும்புகள் தேட வேண்டும் என்று கலைப்பிரியா சொல்ல, நான்குதான் இருக்கிறது என்று சங்கவி எண்ணிக் காட்ட, இருவரும் சண்டை போட்டார்கள்.

பின்னால் வந்து நின்ற வல்லரசு கொட்டாவி விட்டான். "செத்த மீனைப் பாக்கவா இவ்ளோ தூரம் கூட்டிக்கினு வந்தீங்க?"

"அது மீன் இல்ல," என்றாள் அன்பு. "குட்டி போட்டுப் பால் குடுக்கிறது."

கலைப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. வல்லரசுவின் காது மடல் சிவந்தது. அன்பு அவனைக் கேலி செய்ய நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னதற்காக வருத்தமும் இல்லை.

திமிங்கலத்தோடு படம் எடுக்க மூவரும் தோளில் கை போட்டு நின்றார்கள். கலைப்பிரியா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"சங்கவி," என்றான் அவன். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். "கண்டவங்க கழுத்துல கையைப் போட்டுக்கினு நிக்கிற. உங்கப்பா பாத்தா இன்னா சொல்வாரு?"

அன்புவின் தோளிலிருந்து சங்கவியின் கை இறங்கியது. இறங்கியதை அன்பு உணர்ந்தாள். மூன்று வருடத்தில் அன்புவின் டிபன் பாக்ஸிலிருந்து அதிகம் சாப்பிட்ட கை அதுதான்.

மதியம் ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் ஒரு மெஸ்ஸுக்குப் போனார்கள். நாலு பேர் மேசை ஒன்று காலியாக இருந்தது. அன்புவும் கலைப்பிரியாவும் உட்கார்ந்தார்கள். சங்கவி நாற்காலியை இழுக்கும்போதே வல்லரசு அதைத் தாண்டிப் போய் மூலை மேசையில் உட்கார்ந்தான்.

"சங்கவி, இங்க வா."

"மாமா, இங்கயே எடம் இருக்குது."

"வான்னு சொன்னேன்."

சங்கவி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மூலைக்குப் போனாள்.

"இன்னாடி இது, பேஜாரு புடிச்ச ஆளா இருக்கான்," என்றாள் கலைப்பிரியா. "வுடு. நாம சாப்டலாம்."

தட்டில் இலை போட்டுச் சோறு வந்தது. அன்பு அதைத் தொடவில்லை. அம்மா சவுரியம்மாள் இப்படிப்பட்ட நேரங்களில் காதில் விழாததுபோல இருந்துவிடுவாள். களையெடுக்கப் போன இடத்தில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினாலும் குடித்துவிட்டு வந்துவிடுவாள். "சண்ட போட்டு இன்னா ஆவப்போவுது" என்பாள். அதற்காக அம்மாவோடு எத்தனையோ நாள் பேசாமல் இருந்திருக்கிறாள் அன்பு. இப்போது அவளும் காதில் விழாததுபோலத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நேராக மூலை மேசைக்குப் போனாள். வல்லரசுவுக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுந்திரு," என்றான் அவன்.

"இது நாலு பேர் டேபிள்."

"எழுந்து போன்னு சொல்றேன்."

அன்பு சாம்பாரைச் சோற்றில் விட்டுப் பிசைந்தாள். பிசைந்ததையே மறுபடி வேகவேகமாகப் பிசைந்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டாள். பரிமாறுகிறவர் பொரியல் வாளியோடு வந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றார்.

"வைங்கண்ணா."

நாற்காலி பின்னால் சாயும் வேகத்தில் வல்லரசு எழுந்தான். நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்களும் திரும்பினார்கள். பிசைந்த சோறு அவன் இலையில் அப்படியே கிடந்தது. "சங்கவி, கெளம்பு."

சங்கவி கையில் ஒரு கவளத்தோடு அசையாமல் இருந்தாள். வாயில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஒரு நிமிடம் அவள் எழமாட்டாள் என்றுதான் அன்பு நினைத்தாள். பிறகு கவளத்தை இலையில் வைத்துவிட்டு அவளும் எழுந்து போனாள்.

கலைப்பிரியா தன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்பு ரசம், மோர், பாயசம் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள். மிச்சம் வைக்கக் கூடாது என்று மட்டும் பிடிவாதம்.

வெளியே வல்லரசு போனில் கத்திக்கொண்டிருந்தான். "ஆமா மாமா. என் எதிர்க்கவே வந்து உக்காந்துக்கினு சாப்புடுறா. உங்க பொண்ணு பாத்துக்கினு கீறா."

சங்கவி ஓடிவந்து அன்புவின் கையைப் பிடித்தாள். அழுதிருந்தாள். "உனக்கு ஒரு நாள் பொறுத்துக்க முடியாதாடி? அவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சும் ஏன் வம்புக்குப் போன? எங்கப்பா இனிமே என்னைக் காலேஜுக்கே அனுப்ப மாட்டாரு."

"நான் சாப்ட்டேன். வேற ஒண்ணும் பண்ணல."

"என்னை நெனச்சுப் பாத்தியா நீ?"

"நீ என்னை நெனச்சியா?" என்றாள் அன்பு. "கையை எடுத்தியே, அப்ப யாரை நெனச்ச?"

சங்கவி பிடித்திருந்த கையை உதறினாள். "போடி," என்றாள். அந்த வார்த்தையை அவள் இதற்கு முன் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். இந்த மாதிரிச் சொன்னதில்லை.

மெரினாவுக்கு யாரும் போகவில்லை. திரும்பும் ரயிலில் வல்லரசு சங்கவியை வேறு பெட்டிக்கு அழைத்துப் போனான். திண்டிவனம் நெருங்கும்போது அவன் மட்டும் வந்து இவர்கள் பெட்டியின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"ஊரும் தெரியும். தெருவும் தெரியும்," என்றான் அன்புவிடம். "வந்து பேசிக்கிறேன்."

பிளாட்பாரம் நகர்ந்து வந்தது. அன்பு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "தாராளமா வாங்க. எங்கப்பா சவுரிராயன் கொத்தனாரு. பகல்ல வேலைக்குப் போயிடுவாரு. சாயங்காலமா வந்தா வூட்ல இருப்பாரு. இப்ப வழிய வுடுங்க."

பின்னால் இறங்க நின்றவர்கள் "ஜல்தி எறங்குப்பா, எறங்கு" என்று தள்ளியதில் அவன் ஒதுங்க வேண்டிவந்தது. ரயில் போனபிறகும் அன்பு வீட்டுக்குக் கிளம்பவில்லை. சிமெண்ட் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா ஒரு வாரம் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்தபின், "பாயசம் வரைக்கும் சாப்ட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

யாரும் வரவில்லை. சங்கவியும் கல்லூரிக்கு வரவில்லை. ஹால் டிக்கெட் வாங்கும் நாளில்தான் அப்பாவோடு வந்தாள். அவர் வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சங்கவி மெலிந்திருந்தாள். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தே நடந்து அன்புவிடம் வந்தாள்.

"பரீட்சை முடிஞ்சதும் அவனையே கட்டிக்கச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். ரெண்டு நாள் சாப்புடல. இப்போதைக்குப் பேச்சை நிறுத்தி வச்சிருக்காங்க."

சங்கவி வேப்பமரத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு மெஸ்ஸுல நான் எழுந்து போயிருக்கக் கூடாதுடி."

"ஆமா," என்றாள் அன்பு. "போயிருக்கக் கூடாது."

சங்கவி இன்னும் ஏதோ ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். பரவாயில்லை என்றோ, வுடு என்றோ. அன்புவிடம் அந்த வார்த்தை இருக்கவில்லை. இல்லாததைச் சொல்ல அவளுக்கு மனமில்லை. "நல்லா எழுது," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீஸ் வரிசையில் போய் நின்றாள்.

கோபம் குறையவே இல்லை. ஆனால் 'முடியாதுன்னுட்டேன்' என்று சங்கவி சொன்னதை நினைக்கும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் எழுந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அன்பு வரிசையோடு ஒரு அடி முன்னால் நகர்ந்தாள்.