தட்டில் வளராத கிருமி

என் அம்மா கருப்பம்மாவின் காலில் இருந்த கிருமி எங்கள் ஆய்வுகூடத் தட்டில் வளர மறுத்தது. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், தட்டு கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி சுத்தமாக இருக்கிறது. வார்டிலோ வீக்கம் கணுக்காலைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள் அப்படிச் செய்யக் கூடாது என்பதால் மூடியைப் போட்டுவிட்டு, "சனியனே, எங்க போய் ஒளிஞ்சிருக்க?" என்று கேட்டேன். கிருமிகளோடு பேசுவது என் பழக்கம்.

நான் ஜீவராணி. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள். இன்றைக்குப் பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில், சீழ், சளி, இரத்தம் என்று எது வந்தாலும் அதற்குள் என்ன கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை, அடக்கமும் இல்லை. அம்மாவுக்கு அதைவிட இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் டவுன் வருவதற்குள், "எம் மக கிருமி டொக்டரு" என்று சொல்லிவிடுவாள். டொக்டர் இல்லை என்று திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் நடக்கும்போது தேயிலைக் குச்சி ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு அம்மாவின் பாதத்தில் ஏறியிருக்கிறது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பிடித்த கால், மரத்துப் போன கால். வலி தெரியவில்லை. துணியைக் கட்டிக்கொண்டு அவள் பாட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். நான் டவுனில் வாடகை அறையில் இருப்பதால் எனக்குச் செய்தி வந்ததே காய்ச்சல் வந்து விழுந்த பிறகுதான். வார்டில் சேர்த்தவுடன், மருந்து ஏற்றுவதற்கு முன்பே சீழ் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீழ்தான் என் தட்டில் ஒன்றுமே காட்டாமல் கிடந்தது.

அன்று காலை சத்திரசிகிச்சை வைத்தியர் ஸனூஸ் என்னை வார்டு வாசலில் நிறுத்தினார்.

"ஜீவராணி, நாங்க ஏத்துற மருந்து வேலை செய்யல்ல. விஷம் மேல ஏறுது. என்ன கிருமின்னு தெரியாம நான் எந்த மருந்தைத் தேடிப் போடுறது? நாளைக்குக் காலையில முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்."

"அவங்க மலையில ஏறி எறங்குற ஆளு சேர்."

"தெரியும். ஆனா உயிரா, காலான்னு வந்தா நான் உயிரைத்தான் பார்க்கணும்."

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது? சீழ் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, தட்டில் மட்டும் கிருமி இல்லை என்றால் அதை ஏதோ ஒன்று அடக்கி வைத்திருக்கிறது. மருந்தைத் தவிர வேறு எது அடக்கும்? நேரே அம்மாவின் கட்டிலுக்குப் போனேன்.

"அம்மா, இங்க வர்றதுக்கு முன்னாடி என்னா மாத்திரை போட்ட?"

"ஒண்ணும் போடல."

"மாரியம்மா மேல சத்தியமா?"

"சத்தியமெல்லாம் இப்ப எதுக்கு, ஆஸ்பத்திரியில வச்சு?"

எனக்கு விளங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"புஷ்பத்த திட்ட மாட்டேன்னு சொல்லு. அப்பதான் சொல்லுவேன்."

திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். புஷ்பம் சித்தி எங்கள் அடுத்த வீடு. எங்கள் லயத்தில் உப்பு, சீனி, குழம்பு எல்லாம் கைமாறுவதுபோல மாத்திரையும் கைமாறும். ஒருவருக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு வாரத்துக்கு மருந்து கொடுத்தால், உடம்பு தேறினதும் மிச்சத்தை எடுத்து வைப்பார்கள். அடுத்த வீட்டில் யாருக்காவது வந்தால் அது அங்கே போகும். தன்னிடம் இருப்பதைத் தராமல் இருப்பது எங்கள் ஆட்களுக்குக் கேவலம். இதைப் பற்றி நான் லயத்துக்குப் போகும்போதெல்லாம் கத்துவேன். அதனால் நான் வந்தால் மாத்திரைகள் ஒளிந்துகொள்ளும், நான் போனதும் வெளியே வரும்.

வராந்தாவில் நின்று சித்திக்குப் போன் எடுத்தேன்.

"சித்தி, அம்மாவுக்கு என்னா மாத்திரை குடுத்தீங்க? நான் திட்டல. அம்மா காலு போகப் போகுது, அதான் கேக்குறேன்."

 "எம் மகன் ஜனுஷனுக்குப் பல்லு புடுங்குனப்ப குடுத்தது கொஞ்சம். பக்கத்து வீட்டு கம்சலா சளிக்கு வாங்கினது கொஞ்சம். மஞ்சக் கலருல இன்னொண்ணு, அது யாரோடதுன்னு தெரியல" என்றாள்.

"பேரு என்னா சித்தி?"

"பேர யாரு பாத்தா? நல்ல மாத்திரைன்னு குடுத்தேன் புள்ள."

அவளைத் திட்ட வேண்டும் என்று வாய் துடித்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. "எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். மலையில் கொழுந்துப் பையைப் போட்டுவிட்டு, கங்காணியிடம் சொல்லிக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டே வந்திருக்கிறாள். தன் வீட்டில் இருந்தது மட்டுமல்ல, லயத்தில் கதவு கதவாகத் தட்டி எல்லா வீட்டு மாத்திரைகளையும் வெற்று அட்டைகளையும் ஒரு துவாய்த் துண்டில் கட்டிக் கொண்டுவந்தாள். மூட்டையை ஆய்வுகூட மேசையில் அவிழ்த்துக் கொட்டினாள். தலை குனியவில்லை.

"இல்லேன்னு சொல்லிப் பழக்கமில்ல, அதான் குடுத்தேன். எது பிழைன்னு பாத்துச் சொல்லு. கருப்பம்மா காலு நிக்கணும்."

எங்கள் கிருமியியல் வைத்தியர் முஹ்ஸினா அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மூன்று விதமான கிருமிக்கொல்லிகள், எதுவும் முழுதாகக் குடிக்கப்படவில்லை. சித்தியைத் தன் பக்கத்துக் கதிரையில் உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்த அரைகுறை மருந்து மேல இருந்த கிருமியை அடக்கியிருக்கு. அதனாலதான் தட்டில வளரல்ல. உள்ளே எலும்புக்குப் பக்கத்தில இருக்கிறது இதுக்கெல்லாம் அசையாது. அது தப்பிப் பிழைச்சு இன்னும் பலமா நிக்கும். இப்ப நாடு முழுக்க இதுதான் எங்களுக்குப் பெரிய தலையிடி."

சித்தி, "அப்ப அது யாரு, என்னான்னு எப்புடிங்க கண்டுபுடிக்கிறது?" என்று கேட்டாள்.

அதற்குத்தான் மூலையில் எங்கள் புது இயந்திரம் இருந்தது. பார்க்க ஒரு சின்ன அலுமாரி அளவுதான். ஆனால் அது கிருமி வளரும்வரை காத்திருக்காது. செத்த கிருமியானாலும் அதன் மரபணுவைப் பிடித்து, பெயரையும், எந்த மருந்துக்கு அடங்காது என்பதையும் சொல்லிவிடும். அதற்கு மேற்சீழ் போதாது, ஆழத்திலிருந்து ஒரு துண்டுச் சதை வேண்டும். நான் ஸனூஸ் டொக்டரிடம் ஓடினேன். அவர் அப்போதுதான் ஒரு சத்திரசிகிச்சை முடித்துத் தேநீர் கோப்பையை எடுத்திருந்தார். அட்டைகளின் கதையைக் கேட்டதும் கோப்பையை வைத்துவிட்டார்.

"துண்டு எடுத்துத் தாறேன். பொழுது சாயுறதுக்குள்ள பதில் வேணும். வரல்லைன்னா காலையில என் கத்தியை நிறுத்த முடியாது."

துண்டு வந்தது. அம்மாவின் பெயர் ஒட்டிய குப்பியைக் கையில் எடுத்து, அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். இது அம்மா இல்லை, இது ஒரு மாதிரி, ஒழுங்காகச் செய் என்று என்னையே அதட்டினேன். அரைத்து, கரைத்து, இயந்திரத்துக்குள் வைத்து மூடினேன். சித்தி கதிரையை விட்டு எழவில்லை. யாருக்கும் கேட்காமல் உதட்டுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் எழுத்து வந்தபோது முஹ்ஸினா டொக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கிருமியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, வார்டில் ஏற்றிக்கொண்டிருந்த மருந்தை உடைத்துப் போடுகிற மரபணுவும் இருந்தது. அந்த மருந்தை லீட்டர் லீட்டராக ஏற்றியிருந்தாலும் பயனில்லை. கடைசிக்கென்று பூட்டி வைத்திருக்கிற மருந்துகளில் ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும். டொக்டர் அப்போதே கையெழுத்துப் போட்டார். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே அம்மாவின் கையில் புது மருந்து ஏறத் தொடங்கியது.

மறுநாள் காலை ஸனூஸ் டொக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். வீக்கம் ஏறவில்லை. காய்ச்சல் இறங்கியிருந்தது. அன்றைக்கு அம்மாவின் காலை அவர் வெட்டி எடுக்கவில்லை. அடுத்த வாரம் அழுகிய சதையையும் சின்ன விரலையும் மட்டும் எடுத்தார். விரல் போன செய்தியை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தவித்தேன். அவள் கேட்டுவிட்டு, "போனாப் போகுது, கால் வெரலா கொழுந்து பறிக்கப் போகுது?" என்றாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் லயத்துக்குப் போனேன். புஷ்பம் சித்தி எனக்கு முன்பே எல்லாரையும் கோயிலடியில் கூட்டி வைத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். டொக்டர் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல், தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையும் நடுவில் சேர்த்துச் சொன்னாள். மாத்திரை கேட்டு இனி யாராவது தன் கதவைத் தட்டினால், தானே கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். நான் கத்தி நடக்காதது அவள் பேசி நடந்தது. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அம்மாவை வீட்டுக்கு அனுப்புகிற நாளில் தள்ளுவண்டி கொண்டுவந்தார்கள். அதில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஸனூஸ் டொக்டர் சிரித்துக்கொண்டு, பிடித்து நடக்கிற நாலுகால் சட்டம் ஒன்றைக் கொடுக்கச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி, ஓர் அடியாக, நீள வராந்தா முழுக்க நடந்தாள். நான் பக்கத்தில், தொடாமல், ஆனால் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நடந்தேன். ஆய்வுகூட வாசலில் முஹ்ஸினா டொக்டரும் எங்கள் ஆட்களும் நின்றார்கள். வரிசையில் காத்திருந்த நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா நின்றாள். மூச்சு வாங்கினாள். வழக்கம்போல கிருமி டொக்டர் என்று ஆரம்பிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கி, கட்டுப் போட்ட பாதத்தை எல்லாருக்கும் காட்டினாள்.

"பாத்துக்கங்க. இது நான் பெத்தவ பெத்த காலு."

சொல்லிவிட்டு, அந்தக் காலையே முன்னால் எடுத்து வைத்தாள்.