பீப்பாக் குதிரை

தொண்ணூறாம் ஆண்டு துறைமுகப் பக்கத்து ராணுவ முகாமைச் சுற்றி முள்வேலி இழுத்த பிறகு, பாஸ் இல்லாமல் முதலில் உள்ளே போனது ஒரு மரக்குதிரை. அது நல்ல குடிவெறியில் இருந்தது.

செய்தவர் பாக்கியரத்தினம். திருகோணமலையில் அவருக்குத் தெரியாத வேலை ஒன்று உண்டென்றால் அது சும்மா இருப்பதுதான். தேவாலயத்துக்கு மாதா சுரூபம், தியேட்டருக்கு மூன்று ஆள் உயரக் கதாநாயகன், பள்ளிவாசலுக்கு எழுத்துவேலை, சலூனுக்குப் பெயர்ப்பலகை, எல்லாம் அவர் கைதான். வேலிக்குள் அவருடைய வீடும் வளவும் அகப்பட்டது. இரண்டு கிழமையில், பதினாலே நாளில், திரும்பலாம் என்றுதான் எழுப்பி அனுப்பினார்கள். அந்த இரண்டு கிழமை ஏழாவது வருசமாக நடந்துகொண்டிருந்தது. அவரும் மனைவி கமலாதேவியும் உப்புவெளியில் ஓர் அறைக்குள் இருந்தார்கள். வீடு போனதற்கு அவள் அழுததில்லை. ஆனால் அந்த வளவு மூலையில், முருங்கைக்கடியில், பிறந்த மூன்றாம் நாளே செத்த பிள்ளையைத் தாட்டிருந்தது. அதில் ஒரு விளக்கு வைக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. கேட்கப் போகும்போதெல்லாம் முகாம் வாசலில் நின்றவன் மரியாதையாகச் சிரித்து, அடுத்த மாதம் வரச்சொன்னான்.

அந்த வருசம் முருகன் கோயில் வேட்டைத் திருவிழாவுக்குக் குதிரை வாகனம் இல்லை, பழையது எரிந்துபோயிருந்தது. காட்டில் மரம் தறிக்கத் தடை. அந்த நேரம் பார்த்து, கப்பலிலிருந்து விழுந்த வைன் பீப்பா ஒன்று இறக்கக்கண்டி லாபிரின் வலையில் மாட்டியது.

"இத நான் ஊட்டுல வைக்க ஏலாது அண்ணன், கடல்ல உடவும் மனசு வரல்ல. நல்ல பலக. என்னத்தயாவது செய்யுங்க" என்று வண்டிலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

பீப்பாவின் வயிறே குதிரையின் வயிறாயிற்று. வளைந்த பலகைகள் கழுத்தாயின, இரும்பு வளையங்கள் கடிவாளமாயின. கோயில் தலைவர் சோமசேகரம் மணந்து பார்த்து, "என்ன மரம் காணும் இது?" என்றார். "கப்பல் மரம்" என்றார் பாக்கியரத்தினம். அதில் பொய் இல்லை.

புது வாகனமென்று ஐயர் கும்பநீரைக் குடங்குடமாக ஊற்றினார். ஊறின பலகைக்குள் பழைய வைன் எழும்பும் என்று பாவம் அவருக்கு என்ன தெரியும்! தெரு முனை திரும்ப முதலே குதிரைக்கு ஏறிவிட்டது. இப்படிச் சாய்ந்து, அப்படிச் சாய்ந்து, ஒருமுறை விக்கி, தோளில் காவினவர்களின் கால் நிலத்தில் படாமல் அவர்களையும் இழுத்துக்கொண்டு முகாமுக்கு நடந்தது. முருகன் மேலே பிசகாமல் இருந்தார். வாசலில் துவக்கைத் தூக்கிய சிப்பாய் கதிர்காம முருகனுக்கு நேர்த்தி வைத்தவன். சாமியைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றினான்.

குதிரை முருங்கைக்கடியில் போய் நின்றது, நின்றதுதான். தள்ளினார்கள், ட்ரக்கில் கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. அதிகாரி வாசலுக்கு வந்து, செய்த ஆளைக் கேட்டார்.

அது ஏன் அங்கே நிற்கிறதென்று பாக்கியரத்தினத்துக்கும் தெரியாது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "ஐயா, அது என்ர மனிசியின்ர சொல்லைத்தான் கேக்கும். அவ ஒரு விளக்கு வைச்சால் வெளிக்கிடும்."

கமலாதேவியை உள்ளே விட்டார்கள். கையால் புல்லைப் பிடுங்கி, விளக்கை ஏற்றி, "இவ்வளவு நாளும் இருட்டில விட்டிட்டனே ராசா" என்று வாய்விட்டு அழுதாள். அவள் எழும்பும்வரை குதிரை அசையவில்லை. பிறகு வெறி முறிந்து, நல்ல பிள்ளையாகக் கோயிலுக்கு நடந்தது.

அதன்பின் ஒவ்வொரு வேட்டைத் திருவிழாவிலும் அதுவேதான். சோமசேகரம் மணத்தைப் பற்றிக் கதைப்பதை விட்டார். ஐயர் குடங்களைக் கூட்டினார். அதிகாரிகள் மாறிப்போகும்போது துவக்குகளோடு சேர்த்து, ஒரு குதிரை, ஒரு பொம்பிளை என்று புதியவருக்குக் கணக்கெழுதிப் பாரம் கொடுத்தார்கள். பாக்கியரத்தினம் மட்டும் பாஸ் இல்லாமல் வாசலில் நின்றார்.

யுத்தம் முடிந்த வருசம், எல்லாம் முறையாக இருக்கட்டும் என்று அந்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகை நட முகாமில் முடிவாயிற்று. பலகையை மறைக்கிறதென்று முருங்கையைத் தறித்தார்கள். எழுத ஆள் தேடி அவரிடமே வந்தார்கள். ஒரு நாள் பாஸ் கொடுத்தார்கள். தன் வளவுக்குள் நின்று அவர் மூன்று மொழியிலும் மணிமணியாக எழுதினார்: 'குதிரை தரிப்பிடம்.'

அடுத்த திருவிழாவில் கமலாதேவி விளக்கை ஏற்றிவிட்டு அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தாளாம். வாசலுக்குத் திரும்பி வந்து புருசனிடம் சொன்னாள்:

"பெரிசாய்ச் செய்தது நல்லதப்பா. பிள்ளைக்கு நிழல் விழுகுது."